தளர்த்த ஒன்று, ஓட்ட இன்னொன்று

அடைமழை ஓய்ந்ததும் கிரில் கேட்டின் தாழ்ப்பாள் இறுகிக்கொள்ளும். உடனே சுத்தியலைத் தேடுவோம். தட்டுவதற்கு முன் டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேயை அடித்து, கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவாக்கப்பட்ட டபிள்யூடி-40, முதலில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காக்கத்தான் பயன்பட்டது. ஈரத்தை விரட்டி, துருவின் இடுக்கில் புகுந்து பிடியைத் தளர்த்துவது இதன் குணம். கண்ணாடிக் கதவில் ஸ்டிக்கரைக் கிழித்த பின் பிசுபிசுவென்று நிற்கும் பசை மீது கொஞ்சம் அடித்து, சில நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால், பசை துணியோடு வழிந்து வந்துவிடும். டைல்ஸில் பிள்ளைகள் கிறுக்கிய கிரேயானும் போய்விடும். ஆனால் வழுக்காமல் இருக்க அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மண்வெட்டியைத் துடைத்து லேசாகப் பூசி வைத்தால் துரு எளிதில் அண்டாது. இத்தனைக்கும் உதவுகிறதே என்று எல்லாவற்றுக்கும் இதையே அடிப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். இதிலுள்ள கரைப்பான் ஆவியானதும் மெல்லிய படலமே மிஞ்சும்; ஓடும் பாகங்களுக்கு அது போதாது. தையல் மிஷினுக்கு மிஷின் ஆயில்தான் சரி. கனத்த கேட்டின் கீலுக்கு கிரீஸ் வேண்டும். சமையல் பாத்திரத்து ஸ்டிக்கருக்குத் தேங்காய் எண்ணெய் போதும். எளிதில் தீப்பற்றும் பொருள் இது. எரியும் அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் பக்கத்தில் அடிக்கவே கூடாது. இந்த எல்லைகளைத் தெரிந்துகொண்டு வீட்டில் ஒரு டப்பா வைத்திருங்கள். புதிய தாழ்ப்பாள் வாங்கும் செலவு பலமுறை மிச்சமாகும்.