எல்லை தாண்டிய முதல்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில், பாறசாலையிலிருந்து பளுகல் நோக்கிச் செல்கிறவருக்குக் கேரளம் முடிந்து கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குவதைக் கடைப்பலகையில் தோன்றும் தமிழெழுத்துத்தான் அறிவிக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி பிறந்த அந்த மாநில எல்லை, உறவையும் தடுக்கவில்லை, பணத்தையும் தடுக்கவில்லை.

அவ்வாறு கடந்துபோன பணம் பளுகலிலிருந்த நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனத்தில் சேர்ந்தது. நிலம் விற்றவர் கிரயத் தொகையையும், உத்தியோகம் முடித்தவர் கிராஜுவிட்டியையும், வங்கியில் கிட்டாத பலிசைக்காக, அதாவது வட்டிக்காக, அங்கே போட்டு, பாஸ்புக்கை ரேஷன் கார்டோடு ரப்பர் வளையத்தில் பத்திரப்படுத்தினார்கள். 2017 செப்டம்பரில் அதன் கதவடைந்தபோது, ஆயிரக்கணக்கானோரின் பல நூறு கோடி ரூபாய் முடங்கிற்று.

பணம் போட்ட இவர்களை மூடர் என்பது அநியாயம்; சேமிப்பைப் போடுமிடத்தைத் தாமே தேர்ந்தார்கள், அவ்வளவே. ஓய்வுக்காலச் சேமிப்பை நிலத்திலும் பொன்னிலும் சொந்தப் பொறுப்பில் முடக்கும் சுதந்திரத்தை, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தனிநபர் ஓய்வுக் கணக்குகள் மூலம் அமெரிக்கரும் அனுபவிக்கிறார்கள். அங்கும் கணக்கைப் பராமரிக்கும் நிறுவனம் பத்திரங்களைக் காக்குமேயன்றி, முதலீட்டின் தராதரத்துக்கு உத்தரவாதம் தராது. நம் தேசிய ஓய்வூதியத் திட்டமோ, மாற்றுச் சொத்துக்களென்று ஒரு பிரிவை வகுத்தபோது, சந்தாதாரர் விரும்பினாலும் நூற்றுக்கு 5க்கு மேல் அதில் போடலாகாதென்று வரம்பு கட்டிற்று. அப்பிரிவில் போட்டது முழுதும் நட்டமானாலும் நூற்றுக்கு 95 மிஞ்சும் என்பதே அதன் தாத்பரியம். எல்லைக் கிராமத்தார்க்கு அப்படியொரு வரம்பைச் சொல்வார் இல்லை; பழக்கமே அவர்களுக்குப் பிணையாக நின்றது.

சட்டம் இல்லாமலில்லை. வைப்பாளர் நலன் காக்கத் தமிழ்நாடு 1997இலும் கேரளம் 2013இலும் சட்டம் இயற்றின. சொத்தை ஜப்தி செய்து ஏலம் விட்டுப் பகிர்ந்தளிக்க அவற்றில் வழியுண்டு. ஆயினும் பணம் ஒரு நடையில் கடந்த எல்லையைப் புகார் மனு கடக்க நெடுங்காலமாகிறது. வாலிபத்தில் இழந்த முதலை உழைப்பு மீட்கும். அறுபது வயதுக்கு மேல் உழைக்கத் தெம்பும் குறைவு, தீர்ப்புவரை ஆயுளும் நிச்சயமில்லை.

ஆகவே, எங்கே போடுவது என்பதற்கு முன், எவ்வளவு போனால் தாங்குவோம் என்று கேட்பதே விவேகம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 30 லட்சம் வரை ஏற்கிறது. 1969 முதல் கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. சிட்டி எனும் சீட்டு நடத்திவருகிறது. மாதச் செலவுக்கும் மருந்துக்குமான தொகை இத்தகைய இடங்களில் அமர்ந்தபின், மிச்சத்தில் ஒரு சிறு பங்கு பலிசை தேடி எல்லை தாண்டட்டும். அது திரும்பாவிட்டாலும் வீட்டில் அடுப்பெரியும்.