மதுக்கடை எங்கே என்று ஊரைக் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஓ.எம்.ஆரில் வண்டியில் போகிறவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் நாவலூர் இன்றும் கிராம ஊராட்சிதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சினிமா மாலும் சிறுசேரி சிப்காட்டுக்கு ஓடும் கம்பெனி பஸ்களும் இருந்தாலும், திருப்போரூர் ஒன்றியத்தில் அடங்கிய ஊராட்சி இது. 2021 அக்டோபரில் வாக்களித்துத் தலைவரையும் வார்டு உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்தோம். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். தெருவிளக்கு, குடிநீர், குப்பை வண்டி என்று எதைப் பற்றியும் அங்கே பேசலாம். ஊருக்குள் மதுக்கடை எங்கே வரலாம், வந்த கடை அதே இடத்தில் தொடரலாமா என்பதற்கு மட்டும் கிராம சபையின் ஒப்புதலை எந்த விதியும் கேட்பதில்லை. இந்த நிலையை எதிர்த்துத்தான் இந்தக் கடிதம்.

2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டபோது, கடைகளுக்கான விதிகளும் வந்தன. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளி, வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும். அந்த இடம் வணிகப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் இந்தத் தூரமும் பார்க்கப்படாது. பஸ் நிறுத்தம் இந்தக் கணக்கில் இல்லை. லேடீஸ் ஹாஸ்டலும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு மதுக்கடை இருக்கிறது. பகல் 12 மணிக்குத்தான் ஷட்டர் திறக்கும், ஆனால் பதினொன்றரைக்கே ஆட்கள் வந்து நிற்பார்கள். வாட்டர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் விற்கும் தள்ளுவண்டி அதற்கும் முன்பே வந்துவிடும். இரவு ஒன்பதரைக்கு ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, நடைபாதையில் போக வழியில்லாமல் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். காலையில் பள்ளி வேனுக்காகப் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் உடைந்த குவார்ட்டர் பாட்டில் கிடக்கும். துப்புரவுப் பணியாளர் அதைக் கையால்தான் பொறுக்குகிறார். அந்தக் கையில் உறை இருந்து நான் பார்த்ததில்லை. இத்தனை இருந்தும், டேப் வைத்து அளந்தால் கடை விதிப்படி சரியான இடத்தில் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

நெடுஞ்சாலைத் தடையாவது காக்குமா என்று பார்த்தேன். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. 20,000 பேர் வரை வசிக்கும் பகுதிகளுக்குப் பிறகு 220 மீட்டராகக் குறைத்தார்கள். 2017 ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்கு விலக்கு வந்தது. நகரத்தை ஒட்டி வளர்ந்த ஊராட்சிகளுக்கும் அந்த விலக்கைத் தரலாமா என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம் என்று 2018 பிப்ரவரியில் சொல்லிவிட்டார்கள். ஓ.எம்.ஆர். என்கிற ராஜீவ் காந்தி சாலை மாநில நெடுஞ்சாலை. நாவலூர் அதன்மேல் இருக்கும், நகரம்போல் வளர்ந்துவிட்ட ஊராட்சி. எங்களைக் கிராமமாக எடுத்துக்கொள்வதா, நகரமாக எடுத்துக்கொள்வதா என்பதைக்கூட எங்களிடம் கேட்காமல் தீர்மானிக்க முடிகிறது என்பதுதான் என் வருத்தம்.

மக்களைக் கேட்கிற இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு கடையின் மது உரிமத்தால் தொல்லை என்றால், அந்தப் பகுதிவாசி யாராக இருந்தாலும் உள்ளூர் மன்றத்திடம் மறுஆய்வு கேட்கலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. 28 நாள் அறிவிப்பு ஒட்டி வைப்பார்கள். பிறகு மன்றத்தின் குழு இரு தரப்பையும் நேரில் விசாரிக்கும். நேரத்தைக் குறைக்கலாம், மூன்று மாதம் வரை உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மகாராஷ்டிரத்தைப் பார்க்கலாம். அங்கே பெண்கள் கோரிக்கை வைத்து, வாக்கெடுப்பு நடத்தி, தங்கள் பகுதி மதுக்கடையை மூட வைக்க முடியும். கேரளத்தில் உள்ளாட்சிகளின் அனுமதி வேண்டும் என்றிருந்ததை 2017இல் அவசரச் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். அது தவறான முடிவு என்றே நினைக்கிறேன். இங்கே எடுத்துவிடுவதற்குக்கூட அப்படி ஒன்று இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் சிக்கல் இன்னும் ஆழமானது. விற்பது அரசு நிறுவனம். இடத்துக்கு அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர். புகாரை விசாரிப்பதும் அதே அரசின் அதிகாரிகள். 2023-24இல் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் சுமார் 45,855 கோடி ரூபாய். அவ்வளவு பணம் வரும் தொழிலில், விற்கிறவரே தன் கடை இருக்கும் இடத்தைப் பற்றித் தீர்ப்பும் சொல்வது எந்த வகையில் நியாயம்? 2023 ஜூன் 22 அன்று 500 கடைகளை மூடினார்கள். வரவேற்றோம். எந்த 500 என்பதை அரசே முடிவு செய்தது.

கேட்க ஒரு முறையான இடம் இல்லாததால்தான் ஜனங்கள் தெருவுக்கு வருகிறார்கள். 2015 ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டார். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், கடை வேண்டாம் என்று மறியல் செய்த பெண்ணைக் காவல்துறை அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. ஒரு கடையை நான்கு தெரு தள்ளி வைக்கச் சொல்ல இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா?

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் விஷச்சாராயத்தால் இறந்தபோது மாநிலமெங்கும் அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன. தவிர, நான் இங்கே மதுவிலக்குக் கேட்கவில்லை. அது வேறு விவாதம். கடை எங்கே இருக்க வேண்டும் என்பதில் அங்கே குடியிருப்பவர்களுக்குச் சட்டப்படி ஒரு வார்த்தை வேண்டும் என்கிறேன்.

அரசுக்குச் சொல்கிறேன்: 2003 விதிகளைத் திருத்துங்கள். புதிய கடைக்கு இடம் பார்த்ததும் ஊராட்சி அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டி, முப்பது நாள் ஆட்சேபம் கேளுங்கள். இருக்கிற கடைகளை ஆண்டுக்கொரு முறை, விற்பனைத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தலைமையில், மக்கள் முன்னிலையில் மறுஆய்வு செய்யுங்கள். தூரத்தை அளக்கும்போது பஸ் நிறுத்தம், மருத்துவமனை, பெண்கள் விடுதி ஆகியவற்றையும் சேருங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கும், முக்கியமாக அடுக்குமாடிகளில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாவலூர் சுங்கச்சாவடிக்கு எதிராகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தோம்; 2023 அக்டோபர் 19 முதல் அங்கே கட்டணம் நின்றது. அதே குரலோடு அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். மதுக்கடைத் தீர்மானத்தைக் கூட்டப் பதிவேட்டில் எழுத வைத்து, கையெழுத்திட்டு, அதன் நகலை வாங்கி ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாவலூர், செங்கல்பட்டு மாவட்டம்.