பிள்ளைக்கு மாதம் ஒரு பரீட்சை, கட்டடத்துக்கு எப்போது?

மாதப் பரீட்சை முடிந்ததும் பிள்ளை ஓர் அட்டையை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. கணக்கில் 42, அறிவியலில் 38. அடியில் "பெற்றோர் கையெழுத்து" என்று ஒரு கோடு. இரவு ஷிப்டு முடிந்து கண் எரிய வந்த தகப்பன் அதில் கையெழுத்துப் போடுகிறான். நடவு முடித்து, காலில் சேறு காயாமல் வந்த தாய் கைநாட்டு வைக்கிறாள். அந்தக் கோட்டுக்கு அர்த்தம் என்ன? உன் பிள்ளையின் குறை உனக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது, நாளைக்குத் தெரியாது என்று சொல்லாதே, இதுதான் அர்த்தம்.

நல்லது. நாம் ஒன்று கேட்கிறோம். அந்தப் பிள்ளை உட்கார்ந்து பரீட்சை எழுதியதே, அந்த அறையின் கூரைக்கு எத்தனை மார்க்கு? சுவருக்கு எத்தனை? மாடிப் படிக்கட்டு பாஸா, பெயிலா? அந்த அட்டையை எந்தத் தகப்பனிடம் காட்டினார்கள், எந்தத் தாயிடம் கைநாட்டு வாங்கினார்கள்?

கட்டடத்துக்குப் பரீட்சையே கிடையாது என்று யாரும் எண்ண வேண்டாம். உண்டு. 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தார் உரிமம் கொடுக்க வேண்டும். கட்டடம் உறுதியாக நிற்கிறது என்று எஞ்சினீயர் சான்று தர வேண்டும். தீயணைப்புத் துறை பார்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீரையும் கழிப்பிடத்தையும் பார்த்துச் சுகாதார அதிகாரி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக நாலு தாள். நாலும் எங்கே இருக்கின்றன? பீரோவுக்குள். பீரோ சாவி எங்கே? நிர்வாகத்தின் மடியில்.

பீரோவுக்குள் இருக்கும் தாள் எதைக் காப்பாற்றும் என்பதைக் கும்பகோணம் நமக்குச் சொல்லிவிட்டது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டிருந்தன. மதிய உணவு சமைத்த அடுப்பிலிருந்து தீ கூரைக்குத் தாவியது. மாடியில் கீற்றுக் கொட்டகையின் கீழே சின்னஞ்சிறு குழந்தைகள். இறங்கி ஓடக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். யாருடைய குழந்தைகள்? ஜமீன்தார் வீட்டுக் குழந்தைகளா? அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள், சின்ன வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்கள், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் வீட்டுக் குழந்தைகள்.

வழக்கு பத்து வருஷம் நடந்தது. 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் 21 பேரில் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 11 பேரை விடுவித்தது. தண்டனை பெற்றவர்களில் பள்ளியை நடத்தியவர் மட்டுமல்ல, கல்வித் துறை அலுவலகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. மேல்முறையீட்டில் 2017-இல் தண்டனைகள் குறைந்தன, சிலர் வெளியே வந்தார்கள். இந்தத் தண்டனை போதுமா, போதாதா என்பது வேறு விஷயம். நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தக் கட்டடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு யார் யாருக்கோ இருந்தது. நிர்வாகிக்கு இருந்தது, ஆபீஸருக்கு இருந்தது, எஞ்சினீயருக்கு இருந்தது. காலையில் தலை வாரிப் பொட்டு வைத்து அனுப்பிய தாய்க்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அதன் பிறகு என்ன செய்தார்கள்? "கீற்றுக் கொட்டகைதான் கொலைகாரன்" என்றார்கள். ஊர் ஊராகப் பள்ளிக்கூடக் கீற்றைப் பிரித்தார்கள். பிரித்தது சரிதான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கீற்றுக் குடிசையிலேயே பிறந்து கீற்றுக் குடிசையிலேயே சாகிற விவசாயத் தொழிலாளிக்குத் தெரியாதா, கீற்றுக்குக் கீழே அடுப்பை எப்படி வைப்பது என்று? அந்தத் தாய்மார்களில் ஒருத்தியை மாடிக்கு அழைத்துப்போய் "இங்கேதான் உன் பிள்ளை உட்காருகிறது, அதோ அங்கே அடுப்பு எரிகிறது" என்று காட்டியிருந்தால், அன்றைக்கே பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கியிருப்பாள். அவளுக்கு எஞ்சினீயர் படிப்பு வேண்டாம்.

கீற்றுப் போய்க் கான்கிரீட் வந்தது. ஆபத்து போயிற்றா? 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் சர்க்கார் உதவி பெறும் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழைய கட்டடங்களைப் பார், பழுதானதை இடி என்று உத்தரவு பறந்தது. மூன்று உயிர் போனால்தான் உத்தரவுக்கு உயிர் வருமா?

வடக்கேயும் இதே கதைதான். ராஜஸ்தானில் ஜாலாவார் ஜில்லா, பிப்லோடி கிராமம். 2025 ஜூலை 25 காலையில் சர்க்கார் பள்ளிக்கூடத்தின் கூரை விழுந்து ஏழு பிள்ளைகள் மாண்டார்கள். மேலேயிருந்து கல் உதிர்கிறது என்று பிள்ளைகளே சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. அதிகாரிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? பழுதான கட்டடங்களின் பட்டியலில் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை என்றார்கள்! கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த குழந்தைக்குத் தெரிந்தது, பட்டியலுக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டியலை ஊர் மந்தையில் வைத்து உரக்கப் படித்திருந்தால், "எங்கள் பள்ளிக்கூடம் ஏன் இதில் இல்லை?" என்று கேட்க அந்தக் கிராமத்தில் ஒருவர்கூடவா இருந்திருக்க மாட்டார்?

ஜனங்களிடம் சொன்னால் பீதி கிளம்பும் என்று சில கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். பாமரனுக்கு எஞ்சினீயர் ரிப்போர்ட்டு என்ன புரியும் என்று இன்னும் சிலர் ஏளனம் பேசுகிறார்கள். பஞ்சாலைத் தோழர்களே, இந்தப் பாட்டை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? ஆலையில் பாய்லரைப் பற்றிப் பேசினாலும், பெல்ட்டுக்கு மூடி போடச் சொன்னாலும் முதலாளி பாடிய பாட்டு இதுதான். ஆனால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 108-ஆம் பிரிவில் என்ன சொல்லிற்று? சட்டத்தின் சுருக்கத்தை ஆலை வாசலருகே, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் புரியும் பாஷையில் எழுதி மாட்ட வேண்டும் என்றது. அதைப் படித்து எந்த ஆலையில் பீதி கிளம்பிற்று? பீதி கிளம்பியது மானேஜருக்குத்தான்.

பாய்லருக்குக்கூட இன்ன தேதி வரைக்கும் இவ்வளவு அழுத்தம்தான் தாங்கும் என்று ஒரு சான்று உண்டு. பாய்லருக்குக் கொடுத்த மரியாதையைப் பள்ளிக்கூடக் கூரைக்குக் கொடுக்கக் கூடாதா?

நமக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறோம். மூன்றாம் வகுப்பு அறையில் மேல் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. களை எடுத்துவிட்டு வரும் வழியில் ஒரு தாய் எட்டிப் பார்த்தாள். "ஐயா, இது தாங்குமா?" என்று கேட்டாள். "மேலே எழுதியிருக்கும்மா, நீ போ" என்றார் தலைமை உபாத்தியாயர். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. உண்மையிலேயே மூன்று தடவை எழுதியிருந்தார். மழை நாளில் அந்த அறையைப் பூட்டிவிட்டு வராந்தாவில் பாடம் நடத்தியவரும் அவர்தான். எழுதிய கடிதத்தின் நகலை ஊராரிடம் காட்டியிருந்தால் கடிதத்தின் பின்னே ஊரே நின்றிருக்கும். காட்டினால் மேலிடம் சும்மா விடுமா என்ற பயம் அவருக்கு. இப்படி உபாத்தியாயரையும் ஊமையாக்கி, பெற்றோரையும் குருடாக்கி வைத்திருப்பதற்குப் பெயர்தான் நிர்வாகம்!

சட்டத்தில் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதே வருஷம் ஏப்ரலில், கும்பகோணத்தை ஒட்டி எழுந்த வழக்கில், பாதுகாப்பான பள்ளிக்கூடமும் கல்வி உரிமையில் அடக்கம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆனால் உதவி பெறும் பள்ளியில் இந்தக் குழு யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தக் குழுப் பிரிவே கிடையாது. கடன் வாங்கிப் பீஸ் கட்டுகிறோமே, அங்கே நமக்கு வாசல் கேட்டு வரைக்கும்தான் உரிமை! சர்க்கார் பள்ளியிலும் எத்தனையோ இடங்களில் குழு என்பது நோட்டில் வாங்குகிற கையெழுத்தோடு சரி. கூலி வேலைக்குப் போகிற நேரத்தில் கூட்டம் வைத்தால் கூலிக்காரி எப்படி வருவாள்?

பிள்ளைகளுக்கு வைக்கும் பரீட்சையிலும் இந்த மூடுமந்திரம்தான். 2019 செப்டம்பரில், ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை என்று உத்தரவு போட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுப் பரீட்சை! எந்தப் பெற்றோரைக் கேட்டார்கள்? எதிர்ப்பு வலுத்த பிறகு 2020 பிப்ரவரி 4 அன்று கைவிட்டார்கள். நடுவிலே இருந்த அந்த நாலைந்து மாதம் வீட்டில் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

இது போக, நாடு தழுவிய ஆய்வு என்று ஒன்று வருகிறது. 2017-இல் வந்தது, 2021 நவம்பரில் வந்தது, 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு வந்தது. சில பள்ளிக்கூடங்களைப் பொறுக்கி எடுத்து, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்து, ஜில்லா எப்படி, மாநிலம் எப்படி என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு பிள்ளையைப் பாஸ், பெயில் சொல்வதற்கான பரீட்சை அல்ல அது. அதில் தவறில்லை, ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஜுரம் பார்த்தவன் வீட்டுக்காரனிடம் சொல்ல வேண்டாமா? இன்ன தேதியில் உன் பிள்ளையைச் சோதித்தோம், இதற்காகச் சோதித்தோம், உன் ஜில்லாவின் நிலை இது என்று அவன் பாஷையில் ஒரு துண்டுத் தாள் கொடுக்க என்ன கஷ்டம்?

கொடுத்தால் அடுத்த கேள்வி வரும், அதுதான் கஷ்டம்! கணக்கில் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்றால், கணக்கு வாத்தியார் எத்தனை மாதமாக இல்லை? அறுபது பிள்ளைகள் வரையுள்ள ஆரம்பப் பள்ளிக்கும் இரண்டு உபாத்தியாயர் வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறதே, இங்கே ஒருவர்தானே இருக்கிறார், அவரும் பாதி நாள் ஆபீஸுக்குக் கணக்குக் கொடுக்கப் போய்விடுகிறாரே? பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் இந்த வகுப்பில் உபாத்தியாயர் இருந்த நாட்கள் எத்தனை என்று ஒரு கட்டம் போட்டுப் பார்க்கட்டும். மக்குப் பிள்ளை யார் என்பது அப்போது விளங்கும்.

தஞ்சைத் தரணியின் விவசாயத் தோழர்களுக்கு இது புதிதல்ல. குத்தகை அளக்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால் என்று மிராசுதார் வைத்திருந்த காலம் உண்டு. பெரியவர்களைக் கேளுங்கள், சொல்லுவார்கள். பிள்ளையை அளக்கும் மரக்கால் ஊரறிய இருக்கிறது. கட்டடத்தையும் சர்க்காரையும் அளக்கும் மரக்கால் பீரோவில் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது பெரிய விஷயம் அல்ல. நாலு சான்றுகளின் நகலும், தேதியும், கொடுத்தவர் பெயரும் பள்ளி வாசலில் தமிழில் தொங்க வேண்டும். காலாவதியானால் அதையும் எழுத வேண்டும். பிள்ளைக்கு எந்தச் சோதனை வைத்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், முடிவைக் கூட்டத்தில் படிக்க வேண்டும். கூட்டம் வேலை முடிந்த நேரத்தில் நடக்க வேண்டும். சர்க்கார் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வித்தியாசம் இதில் கூடாது.

தொங்கவிடும் வரை நாம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு. ஏன் கேட்கிறாய் என்று கேட்க அதிகாரிக்கு உரிமை இல்லை. முப்பது நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமானால் 48 மணி நேரத்தில். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்க உதவுவது அந்த அதிகாரியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. தனியார் பள்ளி நிர்வாகம் கதவைச் சாத்தினாலும், உரிமம் கொடுத்த தாசில்தார் ஆபீஸில் அந்தத் தாள் இருந்தாக வேண்டும். மனுவை அங்கே போடலாம்.

ஆபீஸ் படி ஏறத் தயங்குகிறவர்கள் சங்க ஆபீஸுக்கு வாருங்கள். இரவில் மனு எழுதித் தரத் தோழர்கள் இருப்பார்கள். வரும்போது பிள்ளையிடம் கேட்டு, எந்த அறையில், எந்த மூலையில் விரிசல், எப்போது முதல் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்.