ரயர் சொல்லும் சாட்சி

மோட்டார்ப் பந்தயம் என்றதும் இடியென முழங்கும் எஞ்சின்களும், உயிருக்கு அஞ்சாத சாரதிகளும், வேலியோரத்தில் நெருக்கியடிக்கும் சனத்திரளுமே நம் மனக்கண் முன் தோன்றும். அமெரிக்காவிலே இவற்றுள் எதுவும் இல்லாத பந்தயம் ஒன்றுண்டு. ஓட்டோகுரொஸ் என்பது அதன் பெயர். விசாலமான வாகனத் தரிப்பிடத்திலோ, பழைய விமானத் தளத்திலோ கூம்புகளை நிறுத்தி, பாம்பு நெளிவது போன்ற பாதையொன்றை அமைப்பார்கள். ஒவ்வொரு காரும் தனியே ஓடி மணிக்கூட்டோடு போட்டியிடும். ஓட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் செல்லும். கூம்பொன்றைத் தட்டி விழுத்தினால் 2 விநாடி தண்டம். (பிரித்தானியாவில் இதே பெயர் புல்தரையிலும் மண்தரையிலும் நடைபெறும் வேறொரு பந்தயத்தைக் குறிக்கும். வாசகர்கள் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.)

1944 ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்க் கழகம் 1973 முதல் இதற்குத் தேசியப் போட்டி நடத்தி வருகின்றது. 2009 ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் அப்போட்டி நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில், முன்னாள் விமானப்படைத் தளத்தின் கொங்கிறீற்றுத் தரையில் நடந்தது. இரண்டு நாள், இரண்டு பாதை. பாதையொன்றுக்கு மூன்று ஓட்டம். ஆண்டு முழுவதும் உழைத்தவன் ஆறே நிமிடம் ஓடி, விநாடியின் பத்திலொரு பங்கால் தோற்று வீடு திரும்புவதுண்டு. பலர் அன்றாடம் வேலைக்குச் செல்லும் காரிலேயே போட்டியிடுவர். அத்தகைய வகுப்புகளில் எஞ்சினைத் தம் இஷ்டப்படி மாற்ற விதிகள் இடந்தரா. எஞ்சியிருப்பது தரையை ரயர் பற்றும் பிடியைச் செம்மை செய்வதே. அப்பிடி நல்லதா, தீயதா என்று எவ்வாறு அறிவது? ரயரையே கேட்கலாம்.

றப்பரை அழுத்தினால் நெளியும், விட்டால் மீளும். ஆனால் நாம் கொடுத்த சக்தி முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை உஷ்ணமாகத் தன்னுள்ளே வைத்துக்கொள்ளும். இரும்புக் கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் வளைந்த இடம் சுடுவதை மாணவர்கள் அறிவார்கள். இதுவும் ஏறக்குறைய அத்தகையதே. தரையோடு உராய்வதால் வரும் சூடு வேறு. ஆகவே ரயரின் எப்பகுதி அதிக வேலை செய்ததோ அப்பகுதியே அதிகம் சுடும்.

இதை அளக்க ஊசிமுனை கொண்ட உஷ்ணமானியொன்று உண்டு. கார் நின்றவுடன் அதன் முனையை றப்பருக்குள் இரண்டொரு மில்லிமீற்றர் ஆழத்திற் பதிக்க வேண்டும். தொடாமலே அளக்கும் கருவிகளும் இக்காலத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆயினும் அவை மேற்பரப்பை மட்டுமே பார்ப்பன. மேற்பரப்போ காற்றுப் பட்டவுடன் ஆறத் தொடங்கிவிடும். ஊசி உள்ளிருக்கும் சூட்டைக் காணும். ரயரொன்றுக்கு உள்ளோரம், நடு, வெளியோரம் என மூன்று அளவாக, காருக்குப் பன்னிரண்டு அளவுகள் எடுத்துத் தாளிற் குறித்துக்கொள்வார்கள்.

நடுப்பகுதி இரு ஓரங்களையும்விடச் சுட்டால் காற்று மிகுதி. இரு ஓரங்களும் நடுவைவிடச் சுட்டால் காற்றுக் குறைவு. இது எளிது. ஆனால் ரயரின் சூடு ஆறு பாகை செல்சியஸ் ஏறினால் உள்ளேயிருக்கும் காற்றின் அமுக்கமும் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஓர் இறாத்தல் ஏறும். ஆகவே காலையிற் குளிர்ந்த ரயருக்கு அடித்த அளவை நண்பகலில் நம்பக்கூடாது.

ஓரங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும்போதுதான் சில்லைத் தாங்கும் அமைப்பைப் பற்றிய செய்தி கிடைக்கின்றது. கார் இடப்பக்கம் திரும்பும்போது அதன் உடல் வலப்பக்கம் சாயும். அதனோடு வலச் சில்லின் தலையும் வெளியே சாய, ரயர் தன் வெளியோரத்தில் ஏறி நிற்கும். முன் வலச் சில்லில் வெளியோரம் 62, நடு 54, உள்ளோரம் 48 பாகை என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ரயரின் உட்பாதி சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறது என்பதே இதன் பொருள். சில்லின் தலையை முன்கூட்டியே சற்று உள்நோக்கிச் சாய்த்து வைத்தால், வளைவிலே அது நிமிர்ந்து முழு அகலத்தாலும் தரையைப் பற்றும். உள்ளோரம் மிகவும் சுட்டால் அச்சாய்வு மிஞ்சிவிட்டது எனலாம்.

1950களின் தொடக்கத்தில் வந்த போர்ட் கொன்சல், செபிர் கார்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மக்பேர்சன் என்ற பொறியியலாளர் வகுத்த முன்சில்லமைப்பு அவற்றில் இருந்தது. இன்றும் சிறிய கார்களிற் பெரும்பாலானவற்றில் அதன் வழிவந்த அமைப்பே காணப்படுகின்றது. மலிவும் உறுதியும் உடையதாயினும், உடல் சாயும்போது சில்லை நிமிர்த்தி வைக்கும் திறமை அதற்குக் குறைவு. இதனால் ஒரு விந்தை நேர்கின்றது. முன் சில்லுகளை இணைக்கும் முறுக்குத் தண்டைத் தடிப்பாக்கினால் முன்பிடி குறையும் என்பது பொது விதி. இக்கார்களிலோ தண்டு தடித்ததும் சாய்வு குறைந்து, ரயர் தட்டையாக நின்று, பிடி கூடிவிடுவதுண்டு. விதியை நம்பியவன் தண்டைத் தொடமாட்டான். வெளியோரச் சூட்டை அளந்தவன் துணிந்து மாற்றுவான்.

முன்ரயர்கள் பின்ரயர்களைவிட மிகச் சுட்டால், முன்பக்கம் சறுக்கிக் கார் வளைவைவிட்டு அகன்று ஓடுகிறது என்பார்கள். பின்ரயர்கள் சுட்டால் வால் வீசுகிறது என்பார்கள். இதையும் அப்படியே விழுங்கலாகாது. முன்சில்லால் ஓடும் காரில் எஞ்சினின் பாரமும், இழுக்கும் வேலையும், திருப்பும் வேலையும் முன்ரயர்கள் மீதே விழுகின்றன. அவை கூடச் சுடுவது இயல்பு. நான்கையும் சமமாக்கியே தீருவேன் என்று புறப்பட்டவன் நல்ல காரைக் கெடுத்துவிடுவான்.

இந்த முறை நீண்ட பந்தயப் பாதைகளுக்கு உரியது. அங்கே ரயர் பல சுற்று ஓடி, தன் உஷ்ணத்தில் நிலைபெற்றபின் அளக்கிறார்கள். ஒரு நிமிட ஓட்டத்தில் ரயர் நிலைபெறுவதேயில்லை. முடிவுக் கோட்டுக்கு முன்னுள்ள வளைவு வலப்பக்கத்து வளைவாயின் இட ரயர்கள் சுடும். பலமாகத் தடை போட்டால் முன்ரயர்கள் சுடும். பிறகு கார் மெதுவாக ஊர்ந்து தன் இடத்துக்கு வருவதற்குள் பாதிச் சூடு போய்விடும். பன்னிரண்டாவது அளவை எடுக்கும்போது முதலாவது ரயர் ஆறியிருக்கும். இவற்றையெல்லாம் எண்ணாது தாளிலுள்ள இலக்கத்தைக் கொண்டு காரைத் திருத்துவது, கடைசி வளைவுக்காக மட்டும் காரைத் திருத்துவதாகும்.

இதிலும் கொடியது ஒன்று. சாரதி வளைவினுள் வேகமாகப் புகுந்து, கார் திரும்பவில்லையே என்று சுக்கானை மேலும் மேலும் முறுக்கினால், முன்ரயரின் வெளியோரம் தேய்ந்து கொதிக்கும். உஷ்ணமானி அதையும் உண்மையாகவே காட்டும். ஆனால் குற்றம் சில்லமைப்பிலா, கையிலா என்று அது சொல்லாது. வில்லை மாற்றி, சாய்வை மாற்றிப் பணத்தைச் செலவழித்தவர் பலர். தம் கையை மாற்ற நினைத்தவர் சிலரே என்பது என் எண்ணம்.

ஆகையால் அனுபவசாலிகள் போட்டி நாளில் அளந்து தீர்மானிப்பதில்லை. வேறொரு நாளில், அனுமதி பெற்ற வெறுந்தரையில் வட்டமொன்றைக் கீறி, ஒரே வேகத்தில் ஒரு திசையிற் பல சுற்று ஓடி, அங்கேயே நிறுத்தி அளப்பார்கள். பின்னர் மறு திசையிலும் அவ்வாறே. அதிக பாரம் தாங்கிய ரயரை முதலில் தொட்டு, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் அளப்பார்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் ஓடுவார்கள். ஈற்றில் மணிக்கூடு குறைந்த நேரம் காட்டினால், இலக்கங்கள் அழகாக அமையாவிடினும் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

போட்டி நாளில் உஷ்ணமானிக்கு வேறு வேலை உண்டு. ஒரே காரை இருவர் பங்கிட்டு ஓட்டும்போது ரயர் ஆற நேரமிராது. றப்பர் அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் பிடி தளர்ந்துவிடும். அப்போது தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் கருவியால் ரயருக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். எப்போது நிறுத்துவது என்பதை ஊசியே சொல்லும்.

உஷ்ணமானி இல்லாதவர்களிடம் வெண்கட்டி இருக்கிறது. ரயரின் தோளில், தரை தொடும் விளிம்புக்குக் குறுக்கே மூன்று கோடுகள் கீறிவிட்டு ஓடுவார்கள். கோடு எதுவரை அழிந்ததோ அதுவரை ரயர் மடிந்திருக்கிறது. பக்கச் சுவர் வரை அழிந்தால் காற்று அடிக்க வேண்டும். விளிம்புக்கு வராமலே நின்றால் சற்று இறக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வெண்கட்டியே இதற்குப் போதும்.