கொடி இறங்கியது, கணக்கு எங்கே?

குற்றாலத்தில் சாரல் ஓய்கிறது. சீசன் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டுகிறார்கள். ஐந்தருவியில் கூட்டம் குறைகிறது.

அதே சமயத்தில் பக்கத்து ஊரான தென்காசியில் இன்னொரு கூட்டம் சேரத் தொடங்குகிறது. அது மிக்கேல் அதிதூதர் கோவில் திருவிழாக் கூட்டம்!

செப்டம்பர் 29-ந்தேதி மிக்கேல் அதிதூதர் திருநாள். அதை ஒட்டிக் கொடி ஏறும். தினமும் ஜெபமாலை, பூசை, மறையுரை நடக்கும். கடைசியில் தேர் பவனி. மின் விளக்கும் மேளமுமாக ஊர் களைகட்டும். வேலை தேடி வெளியூர் போனவர்கள்கூடத் திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள்.

கிறிஸ்தவர்கள் மட்டும்தானா வருகிறார்கள்? இல்லை. மெழுகுவர்த்தி ஏந்தி வருகிறவர்களில் இந்துக்களும் உண்டு. உப்பும் மிளகும் நேர்ந்து கொண்டு மாதா கோவிலுக்குப் போவது தென்பாண்டி நாட்டில் எல்லா மதத்தாருக்கும் பழகிய காரியம்.

பிறகு கொடி இறங்கும். பந்தலைப் பிரிப்பார்கள். அத்துடன் திருவிழா முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

முடியவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதுதான் கணக்கு!

இது ஒரு கோவிலை மட்டும் பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல. திருவிழா நடக்கும் எல்லா ஊருக்கும் பொருந்தும் கேள்வி.

ஆண்டு முழுவதும் விழா

கத்தோலிக்கக் கோவிலில் ஓர் ஆண்டு என்பது விழாக்களின் மாலை. சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசித் தவசு காலம் தொடங்குகிறது. குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, பாஸ்கா என்று அது வளர்கிறது. மே மாதம் மாதாவின் வணக்க மாதம். ஆகஸ்டு 15 விண்ணேற்பு விழா. அதே நாள் நாட்டின் சுதந்திர நாள். அக்டோபர் மாதம் ஜெபமாலை மாதம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். டிசம்பரில் குடில் கட்டிப் பாலகன் பிறப்பு.

ஒவ்வொரு விழாவுக்கும் செலவு உண்டு. கொடிமரம், பந்தல், ஒலிபெருக்கி, தேர், அசனச் சாப்பாடு... இவ்வளவுக்கும் பணம் வேண்டுமே!

யார் பணம் அது?

வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். நாளுக்கு ஒரு குடும்பமோ ஒரு தெருவோ மண்டகப்படி ஏற்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். உண்டியல் இருக்கிறது. நேர்ச்சைக் காணிக்கை இருக்கிறது.

தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். காலையில் முறத்தை மடியில் வைத்தால் விளக்கு வைக்கும் வரை நிமிர முடியாது. முதுகு வலிக்கும். விரல் தேயும். அப்படிப்பட்ட ஒரு தாய் உண்டியலில் பத்து ரூபாய் போடுகிறாள். அது அவள் பிள்ளைக்குப் பேனா வாங்க வைத்திருந்த பணமாக இருக்கலாம்.

ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு காசு போட்ட கதை பைபிளில் வருகிறது. பணக்காரர்கள் மிச்சத்தில் இருந்து கொடுத்தார்கள். அவளோ தன் பிழைப்பையே கொடுத்தாள் என்று ஏசு சொன்னார். இந்தக் கதையைப் பூசையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம் என்பார்கள் கோவிலுக்குப் போகிறவர்கள். நல்லது. அந்த இரண்டு காசு என்ன ஆயிற்று என்று அவளுக்குச் சொல்ல வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

"சாமி காரியத்தில் கணக்குக் கேட்கலாமா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

தாராளமாகக் கேட்கலாம். திருச்சபையின் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது!

இப்போது நடப்பில் உள்ள திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1983-ல் வந்தது. அதன் 1284-வது விதி, கோவில் சொத்தைக் கவனிப்பவர் ஒரு நல்ல குடும்பத் தலைவரைப் போல நடக்க வேண்டும் என்கிறது. வரவு செலவை ஒழுங்காக எழுத வேண்டும். ஆண்டு முடிவில் கணக்கு முடிக்க வேண்டும்.

1287-வது விதி இன்னும் தெளிவானது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. எப்படிச் சொல்வது என்பதை அந்தந்த இடத்து விதிகள் வகுக்க வேண்டும்.

1267-வது விதி என்ன தெரியுமா? ஒரு காரியத்துக்கு என்று கொடுத்த பணத்தை அந்தக் காரியத்துக்கே செலவிட வேண்டும். ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கு என்று வாங்கிய பணம் வாணவேடிக்கையாக வானத்தில் வெடிக்கக் கூடாது!

537-வது விதிப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும். அதில் பங்கு மக்கள் இருந்து சாமியாருக்கு உதவ வேண்டும்.

ஆகவே கணக்குக் கேட்பது சாமியாரை அவமதிப்பது ஆகாது. அவருக்குத் துணை நிற்பது ஆகும். பணம் வசூலித்தவர் யார், பந்தல்காரருக்குப் பேசிய தொகை என்ன என்பதெல்லாம் பல ஊர்களில் விழாக் கமிட்டிக்குத்தான் தெரியும். பழி மட்டும் சாமியார் தலையில் விழும். கணக்குச் சீட்டு ஒன்று கோவில் வாசலில் தொங்கினால் அந்தப் பழி வராது.

"கணக்கை வாசித்தால் சண்டை வருமே!" என்று இன்னொரு கட்சி உண்டு. சண்டை எப்போது வருகிறது? கணக்கு இல்லாத ஊரில்தான் டீக்கடை தோறும் சந்தேகம் பேசப்படுகிறது. சந்தேகம் பிறந்த வீட்டில் அடுத்த ஆண்டு வரி பிறக்காது.

கோவில் பிள்ளையின் சம்பளம்

விடியுமுன் எழுந்து மணி அடிப்பவர் யார்? பீடத்தில் திரி ஏற்றுபவர் யார்? கோவில் பிள்ளைதான். உபதேசியாரும் அப்படித்தான். சாவு வீட்டுக்கும் ஓட வேண்டும். கல்யாண வீட்டுக்கும் ஓட வேண்டும்.

ஒரு நாள் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் கொட்டும் பணத்தையும், அவருடைய மாதச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டிய ஊர்கள் சில இருக்கும்.

1286-வது விதி இதையும் விட்டு வைக்கவில்லை. கோவிலில் வேலை செய்கிறவருக்கு, அவரும் அவர் குடும்பமும் பிழைக்கும்படி நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்கிறது. மேளத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் கோவில் பிள்ளைக்குப் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

பாண்டியன் வேண்டுகோள்

கோவிலைக் காப்பது என்றால் என்ன என்பதைத் தென்காசிக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியது இல்லை. ஊர் நடுவிலேயே பாடம் நிற்கிறது.

காசிவிசுவநாதர் கோவிலைக் கட்டத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். ஆண்டு 1446. அவன் நாட்டுக்கு ராஜா. ஆனால் கல்வெட்டில் என்ன கேட்டுக் கொண்டான்? பிற்காலத்தில் இந்தக் கோவிலுக்குக் குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகச் சொன்னான்.

கட்டுவதை விடக் காப்பது பெரிது என்று அந்த ராஜாவுக்குத் தெரிந்திருந்தது. அவன் பயந்தபடியே பிற்காலத்தில் கோபுரம் சிதைந்தது. பல தலைமுறைகள் மொட்டைக் கோபுரமாக நின்றது. 1990-ல்தான் புதுக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது.

சிவன் கோவிலோ, மாதா கோவிலோ, பள்ளிவாசலோ, நியாயம் ஒன்றுதான். சாமியார் சில ஆண்டுகளில் மாறுதலாகிப் போய்விடுவார். கோவில் அங்கேயே இருக்கும். மக்களும் அங்கேயே இருப்பார்கள். காக்கும் பொறுப்பும் அவர்களுடையதுதான்.

1992-ல் அமெரிக்க நாட்டு ஆயர்கள் இதைப் பற்றி ஒரு மடல் எழுதினார்கள். பணம் மட்டும் காணிக்கை அல்ல. நேரமும் திறமையும் கூடக் காணிக்கை என்பது அதன் சாரம். கணக்கு எழுதத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் வாரம் ஒரு மணி நேரம் கொடுக்கலாம். மின்சார வேலை தெரிந்த வாலிபன் கோவில் விளக்கைப் பழுது பார்க்கலாம். அதுவும் பக்திதான்.

இடிந்த சுவர்

திருவிழா யாருடையது என்ற கேள்வியும் கணக்கோடு சேர்ந்தது.

பழைய திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர். அங்கே 1872-ல் கட்டிய கோவிலுக்கு இரண்டு கைகள். நடுவில் பீடம். இந்தக் கையில் ஒரு சாதி. அந்தக் கையில் இன்னொரு சாதி! இரண்டு பேரையும் ஒரு சுவர் பிரித்தது. 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் சுவர் திரும்ப எழவில்லை.

கல் சுவர் இடிந்தது. வரிப் புத்தகத்தில் இருக்கும் சுவர்? சில குடும்பங்களிடம் திருவிழா வரி வாங்குவது இல்லை, அவர்கள் தெருவுக்குத் தேர் போவது இல்லை என்ற புகார் தமிழ்நாட்டில் இன்றும் அங்கங்கே கேட்கிறது. வரி வாங்காவிட்டால் கணக்குக் கேட்கவும் உரிமை இல்லை என்று ஆகிவிடுகிறது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஊரில் பாதியை ஒதுக்கிவிட்டு இழுத்தால் அது எப்படி ஊர்த் தேர் ஆகும்?

அருவியும் காணிக்கைதான்

தென்காசிக்கு இன்னொரு பொக்கிஷம் உண்டு. அதுதான் குற்றாலம். அருவியில் விழும் தண்ணீர் சிற்றாறாகி வயலுக்குப் போகிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று தடை இருக்கிறது. தடை போட வேண்டி வந்ததே, அதுதான் வருத்தம்!

உலகம் எல்லாருக்கும் பொதுவான வீடு, அதைப் பாழாக்காதீர்கள் என்று போப் பிரான்சிஸ் 2015-ல் மடல் எழுதினார். திருவிழா முடிந்த மறுநாள் காலை கோவில் தெருவைப் பாருங்கள். பிளாஸ்டிக் தம்ளர், தட்டு, பை! அசனத்துக்கு வாழை இலையும் எவர்சில்வர் தம்ளரும் போதாதா?

ஒரு ஞாயிறு போதும்

திருவிழா வேண்டாம் என்பது அல்ல வாதம். ஆண்டு முழுவதும் குனிந்து உழைக்கும் ஏழைக்கு நிமிர்ந்து சிரிக்கச் சில நாள் வேண்டும். தேர் வரட்டும். மேளம் கொட்டட்டும்.

ஆனால் கொடி இறங்கியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கட்டும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு, கடன் இவ்வளவு. நாலே வரி! எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி பெரிய எழுத்தில் வாசலில் ஒட்டட்டும். வரி கட்டாமல் குறை மட்டும் பேசுகிறவர்கள் வாயும் அதோடு அடங்கும்.

பீடி சுற்றும் அந்தத் தாய் அதைப் படித்துப் பார்ப்பாள். தன் பத்து ரூபாய் எங்கே போயிற்று என்று தெரிந்து கொள்வாள். அடுத்த ஆண்டும் மனம் நிறைந்து போடுவாள்.