கரை திரும்பிய கல்வி

கல்வியின் பொருட்டுக் கடல் கடப்போர் எக்காலத்திலும் இருந்துள்ளனர். புதிய மண்ணில் அவர்கள் எதிர்கொள்ளும் மொழி, உணவு, உடை ஆகியவற்றின் வேறுபாடுகள் பலராலும் பேசப்படுகின்றன. ஆனால், கற்று முடித்துத் திரும்புவோர் தம் சொந்த மண்ணிலேயே அயலாராய் நிற்க நேர்வதைப் பற்றி அரிதாகவே பேசப்படுகிறது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்ற சிறுமியரின் வாழ்க்கை, பண்பாட்டு வேறுபாட்டின் சுமையை ஏற்க வேண்டியவர் யார் என்னும் வினாவை எழுப்புகிறது.

1871ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள். யோகோகாமா துறைமுகத்திலிருந்து அமெரிக்காவை நோக்கி நீராவிக் கப்பல் ஒன்று புறப்பட்டது. மேலைநாடுகளின் ஆட்சிமுறையையும் தொழில்வளத்தையும் கல்வியையும் நேரில் கண்டுவர ஜப்பானிய அரசு அனுப்பிய இவாகுரா தூதுக்குழு அதில் பயணம் செய்தது. அமைச்சர்கள், அலுவலர்கள், மாணவர்கள் என நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்த அக்கூட்டத்தில் ஐந்து சிறுமியரும் இருந்தனர். அவர்களுள் மிக இளையவர் ட்சுதா உமெகோ. அவருக்கு ஏழு வயது நிறையச் சில நாள்களே எஞ்சியிருந்தன.

நாட்டைவிட்டு வெளியேறுவதே மரண தண்டனைக்குரிய குற்றமாக ஜப்பானில் நெடுங்காலம் கருதப்பட்டது. அந்நிலை மாறிய சில ஆண்டுகளிலேயே பெண் குழந்தைகளைப் பத்தாண்டுக் கல்விக்காக அயல்நாட்டுக்கு அனுப்ப அரசு துணிந்தது. கற்ற தாய்மார் இருந்தால்தான் கற்ற மக்கள் உருவாவர் என்பதே அத்துணிவுக்குக் காரணம். ஹொக்கைடோ தீவின் மேம்பாட்டுக்கென அமைக்கப்பட்ட அரசுத்துறை முழுச் செலவையும் ஏற்றது. எனினும், முதல் அறிவிப்புக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. பின்னர் முன்வந்த குடும்பங்கள், 1868ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தின்போது தோற்ற அணியைச் சார்ந்தவை. இழந்த பெருமையை மீட்கக் கல்வி ஒன்றே வழி என அவை நம்பின.

பெயரில் உறைந்த பிரிவு

அவ்வைவருள் யமகவா சுத்தெமட்சுவுக்கு அப்போது பதினொரு வயது. ஐசு நாட்டுப் படைக்குடியில் பிறந்த அவர், எட்டு வயதில் முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள் போரின் கொடுமையை நேரில் கண்டவர். அவருக்கு முன்பு வழங்கிய பெயர் சகிகோ. மகள் அமெரிக்கா செல்வது உறுதியானதும், தாய் அப்பெயரை மாற்றினார். ‘சுத்தெ’ என்றால் துறத்தல். ‘மட்சு’ என்னும் ஒலி தேவதாரு வகை மரத்தையும் குறிக்கும், காத்திருத்தலையும் குறிக்கும். துறந்து அனுப்புகிறேன், எனினும் காத்திருப்பேன் என்னும் தாயுள்ளத்தை அப்பெயர் சுமந்தது.

அயல்நாட்டுக் கல்வியின் விலை எத்தகையது என்பதை அந்தத் தாய் அரசைவிடத் தெளிவாக அறிந்திருந்தார் எனலாம். அரசு, பத்தாண்டுகளுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டது. பத்தாண்டுகளில் ஒரு குழந்தை எதை இழக்கும் என்பதை அது கணக்கிடவில்லை.

தேய்ந்த தாய்மொழி

அமெரிக்கா சென்ற ஐவருள் மூத்த இருவர் உடல்நலக் குறைவால் விரைவிலேயே நாடு திரும்பினர். உமெகோ, சுத்தெமட்சு, நகாய் ஷிகெகோ ஆகிய மூவரே எஞ்சினர். தொடக்கத்தில் அனைவரும் வாஷிங்டனில் ஒரே வீட்டில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். தமக்குள் ஜப்பானிய மொழியிலேயே பேசிக்கொண்டதால் அவர்களின் ஆங்கில அறிவு வளரவில்லை. ஆகவே, அங்கிருந்த ஜப்பானியத் தூதர் மோரி அரினோரி, அவர்களைப் பிரித்து வெவ்வேறு அமெரிக்கக் குடும்பங்களில் சேர்த்தார்.

அம்முடிவு ஆங்கிலத்தை வளர்த்தது. தாய்மொழியைத் தேயவும் செய்தது. ஜார்ஜ்டவுனில் குழந்தையற்ற லான்மன் இணையரின் இல்லத்தில் உமெகோ வளர்ந்தார். அவர்கள் அவரைத் தம் மகளாகவே போற்றினர். அன்பிலும் கல்வியிலும் குறையேதும் இல்லை. ஆனால், அவ்வீட்டில் ஜப்பானிய மொழி பேச ஒருவரும் இல்லை. பேச ஆளில்லாத மொழி குழந்தையின் நாவில் நெடுநாள் நிலைப்பதில்லை. உமெகோ தம் தாய்மொழியை ஏறக்குறைய முழுமையாக மறந்தார்.

சுத்தெமட்சுவின் நிலை சற்றே வேறுபட்டது. அவர் நியூஹேவன் நகரில் பேக்கன் குடும்பத்தாருடன் வாழ்ந்தார். அவருடைய அண்ணன் கென்ஜிரோ அந்நகரின் ஏல் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். தங்கை தாய்மொழியை மறந்துவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சந்திக்கும்போதெல்லாம் ஜப்பானிய மொழியில் பேசச் செய்தார். ஷிகெகோவும் அண்மையில் வாழ்ந்ததால் பேச்சுத் துணைக்குத் தோழியும் இருந்தார். ஆகவே, சுத்தெமட்சுவிடம் பேச்சுமொழி ஓரளவு எஞ்சியது, எழுத்துமொழி எஞ்சவில்லை.

இளம்வயதில் அனுப்பினால்தான் அயல்மொழியும் அயற்பண்பாடும் எளிதில் படியும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், எளிதில் படியும் அதே வயதில்தான் எளிதில் அழியவும் செய்யும். ஒரு மொழியைக் கற்பதற்கு இன்னொரு மொழியைக் கைவிட வேண்டும் என்னும் எண்ணமே இங்குப் பிழையானது. உரையாட ஓர் அண்ணன் இருந்த இடத்தில் சிறிதளவேனும் தாய்மொழி பிழைத்தது. அதே வேளையில் சுத்தெமட்சுவின் ஆங்கிலம் எவ்வகையிலும் குன்றவில்லை. 1882ஆம் ஆண்டு வாசர் கல்லூரியில் பட்டம் பெற்று, இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் என்னும் சிறப்பை அவர் அடைந்தார். பட்டமளிப்பு விழாவில், ஜப்பான் மீதான பிரிட்டனின் கொள்கையைக் குறித்து ஆங்கிலத்தில் உரையாற்றினார். இரு மொழிகளும் ஒரே உள்ளத்தில் பகையின்றி வாழ இயலும் என்பதற்கு அதுவே சான்று.

சொந்த வீட்டில் அயலார்

1882ஆம் ஆண்டு நவம்பரில் உமெகோவும் சுத்தெமட்சுவும் யோகோகாமாவில் வந்திறங்கினர். பதினோராண்டுகள் கடந்திருந்தன. உமெகோவுக்குப் பதினெட்டாம் வயது நிறையும் காலம். தந்தை ட்சுதா சென் ஆங்கிலம் அறிந்தவர். ஆகவே, மகளுடன் அவரால் பேச முடிந்தது. பெற்ற தாயுடன் மகளால் பேச முடியவில்லை. கடல் பிரித்து வைத்திருந்தபோது இருந்த தொலைவு, ஒரே கூரையின்கீழ் அமர்ந்தபோதும் குறையவில்லை.

பாய்விரித்த தரையில் கால்களை மடித்து நெடுநேரம் அமர்வது அவருக்கு வலியைத் தந்தது. வணங்கும் முறையும் பெரியோரிடம் பேசும் முறையும் புதிதாகக் கற்க வேண்டியவையாயின. ஆயினும், இவை பழகப் பழகத் தீரக்கூடியவை. அவரை உண்மையாகவே வருத்தியது பெண்களின் நிலை. தந்தைக்கும் கணவனுக்கும் மகனுக்கும் அடங்கி நடப்பதே பெண்ணின் அறம் எனக் கருதப்பட்ட சமூகம் அது. இருபது வயதைக் கடந்தும் மணமாகாத பெண்ணை அச்சமூகம் குறையுடையவராகவே நோக்கியது. உமெகோ இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

தெரியுமா?
உமெகோ, தம்மை வளர்த்த அடலைன் லான்மன் அம்மையாருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் மடல்கள் எழுதினார். அவருள் பல நூறு மடல்கள் 1984ஆம் ஆண்டு, அவர் நிறுவிய கல்லூரிக் கட்டடத்தின் கூரையடி அறையில் கண்டெடுக்கப்பட்டன. தாயகம் திரும்பிய ஒரு மாணவியின் தனிமையையும் உறுதியையும் அறிய அவை பெரிதும் துணைபுரிகின்றன.

அண்ணனும் தங்கையும்

பண்பாட்டு வேறுபாட்டைத் தனிமனிதரின் மனத்துன்பமாக மட்டும் காண்பது முழுமையாகாது. யமகவா குடும்பத்தின் அண்ணனும் தங்கையும் இதற்குச் சான்று. கென்ஜிரோ 1875ஆம் ஆண்டு நாடு திரும்பினார். இயற்பியல் பேராசிரியரான முதல் ஜப்பானியர் ஆனார். பிற்காலத்தில் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார். தங்கையும் அதே நாட்டில் பயின்றவர். சிறப்பாகப் பட்டம் பெற்றவர். அவர் திரும்பியபோது அவருக்கென ஒரு பணியும் காத்திருக்கவில்லை. சிறுமியரை அனுப்பிவைத்த அரசுத்துறையே அவ்வாண்டின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டிருந்தது. அனுப்பியவர்களே இல்லாதபோது, கற்று வந்ததை யாரிடம் ஒப்படைப்பது?

சுத்தெமட்சு மறு ஆண்டே படைத்துறை அமைச்சர் ஓயாமா இவாவோவை மணந்தார். ஓயாமா, ஐசு கோட்டையைத் தாக்கிய எதிரணியைச் சேர்ந்தவர். பகையைக் கடந்த அம்மணத்தின் வழியே கிடைத்த சமூக மதிப்பைச் சுத்தெமட்சு வீணாக்கவில்லை. 1884ஆம் ஆண்டு செவிலியர் பள்ளிக்கு நிதி திரட்ட ஜப்பானின் முதல் அறக்கொடை விற்பனை விழாவை நடத்தினார். எனினும், பட்டம் பெற்ற பெண் ஒருவர் பொதுப்பணி ஆற்ற, கணவரின் பதவி வழியாக அன்றி வேறு வாயில் திறக்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சமூகம் ஏற்கும் நிலையில் இல்லாதபோது பெண்களை அனுப்பியதே தவறு, அதனால்தான் இத்துன்பம் என்பர் சிலர். இவ்வாதம் நோயை விடுத்து மருந்தைக் குறை கூறுவதாகும். அவர்கள் அடைந்த துன்பத்துக்குக் காரணம் கற்ற கல்வி அன்று; கற்றவருக்கு இடமளிக்காத அமைப்பே காரணம். அயல்நாட்டுக் கல்வியின் கடினமான தேர்வு, மாணவர் திரும்பி வரும் நாளில்தான் தொடங்குகிறது. அத்தேர்வை எழுத வேண்டியது மாணவர் மட்டுமல்லர், அவரை அனுப்பிய நாடும்தான். உமெகோவின் நாடு முதல் முயற்சியில் அத்தேர்வில் தோற்றது.

இடைவெளியில் எழுந்த பள்ளி

உமெகோ மனம் தளரவில்லை. தூதுக்குழுவில் உடன் பயணித்த அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபூமி, தம் குடும்பத்தாருக்கு ஆங்கிலம் கற்பிக்க அவரை அழைத்தார். அக்காலத்தில் ஷிமோதா உத்தாகோ என்னும் புலமைமிக்க பெண்மணியுடன் உமெகோவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. உத்தாகோவுக்கு உமெகோ ஆங்கிலம் கற்பித்தார். உமெகோவுக்கு உத்தாகோ ஜப்பானிய மொழி கற்பித்தார். ஒருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் ஒருங்கே அமர்ந்த அந்த ஏற்பாட்டைப் பண்பாட்டு உறவின் செம்மையான வடிவமாகக் கொள்ளலாம். கொடுப்பவரும் பெறுபவரும் அங்குச் சமமாயினர்.

1885ஆம் ஆண்டு முதல், உயர்குடிப் பெண்களுக்கான பள்ளியில் உமெகோ ஆங்கிலம் கற்பித்தார். 1889ஆம் ஆண்டு விடுப்புப் பெற்று மீண்டும் அமெரிக்கா சென்று, பிரின் மார் கல்லூரியில் உயிரியல் பயின்றார். முதற்பயணத்தில் அவர் அனுப்பப்பட்டவர். இரண்டாம் பயணத்தில் தாமே விரும்பிச் சென்றவர். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹண்ட் மார்கனுடன் இணைந்து தவளை முட்டைகளைப் பற்றி ஆய்வு செய்தார். அவ்வாய்வுக் கட்டுரை 1894ஆம் ஆண்டு வெளிவந்தது. அங்கேயே தங்கி ஆய்வைத் தொடரும் வாய்ப்பு இருந்தும் 1892ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பினார். திரும்புமுன், ஜப்பானியப் பெண்கள் அமெரிக்காவில் பயில உதவும் கல்வி நிதி ஒன்றையும் திரட்டி அமைத்தார். தமக்குத் திறந்த கதவு தம் பின்னால் சாத்தப்படலாகாது என்பதில் அவர் கருத்தாயிருந்தார்.

1900ஆம் ஆண்டு, அரசுச் சார்பான பணியையும் அதன் மதிப்பையும் துறந்து, டோக்கியோவில் ஒரு வாடகை வீட்டில் பெண்களுக்கான ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் பத்து மாணவியரே. சுத்தெமட்சு அதன் புரவலராய் நின்றார். சுத்தெமட்சுவுடன் உடன்பிறந்தாரைப்போல் வளர்ந்த ஆலிஸ் பேக்கன், அமெரிக்காவிலிருந்து வந்து ஊதியம் பெறாமல் கற்பித்தார். 1905ஆம் ஆண்டு, அப்பள்ளியில் பயின்றோர் தனித்தேர்வின்றியே ஆங்கில ஆசிரியராகும் உரிமையை அரசிடமிருந்து பெற்றனர். கற்ற பெண்கள் தம் காலில் நிற்க ஒரு வழி பிறந்தது. 1882ஆம் ஆண்டு உமெகோவுக்குக் கிடைக்காத ஒன்றை, அவர் அடுத்த தலைமுறைக்கு உருவாக்கித் தந்தார். அப்பள்ளி இன்று ட்சுதா பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 2024ஆம் ஆண்டு ஜப்பான் வெளியிட்ட ஐயாயிரம் யென் பணத்தாளில் அவரது உருவம் இடம்பெற்றுள்ளது.

வேறுபாடு என்னும் வளம்

இரு பண்பாடுகளுக்கிடையே நிற்போர் முன் இரண்டு எளிய வழிகள் உள்ளன. புதியதைப் போற்றிப் பழையதை இகழ்வது ஒன்று. பழையதில் மறைந்துகொண்டு கற்றதை மறப்பது மற்றொன்று. உமெகோ இரண்டையும் ஏற்கவில்லை. மறந்த மொழியை முயன்று மீட்டார். பெண்ணை ஒடுக்கிய மரபை மறுத்தார். மேலைக்கல்வியைக் கொணர்ந்தார், ஆனால், மாணவியரை அமெரிக்கராக்க முனையவில்லை. ஒரு பண்பாடு உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று தராசில் நிறுப்பதைவிட, ஒன்றின் குறையை மற்றொன்றின் ஒளியில் காண்பதே கற்றவர் கடமை என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

இன்று மாணவர்கள் பெருந்தொகையாக நாடுவிட்டு நாடு செல்கின்றனர். நுழைவுத்தேர்வு, கட்டணம், உதவித்தொகை ஆகியவற்றை அவர்களின் குடும்பங்கள் கவனமாகக் கணக்கிடுகின்றன. அக்கணக்கில் இரண்டு வினாக்களையும் சேர்த்தல் வேண்டும். செல்பவரிடம் தாய்மொழியில் உரையாட யார் இருப்பர்? திரும்புபவர் கற்றதைப் பயன்படுத்த எந்த வாயில் திறந்திருக்கும்? முதல் வினாவுக்கு விடைகூற வேண்டியது வீடு. இரண்டாவதற்கு விடைகூற வேண்டியது நாடு. துறந்து அனுப்புவது போதாது. காத்திருக்கவும் வேண்டும் என்பதைத் தன் மகளுக்குச் சூட்டிய பெயரிலேயே எழுதிவைத்தார் ஒரு தாய். கற்றோர் திரும்பும் கரையைக் காத்துவைப்பது, அவர்களைக் கப்பலேற்றுவதைவிடப் பெரிய பணியாகும்.