யோகட்டின் கட்டி எங்கிருந்து வருகிறது?

"எந்தக் கம்பனி யோகட் திறம்?" எண்டு நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. ஹைலண்ட் எண்டு ஒருத்தர் சொல்லுவார், கொத்மலே எண்டு இன்னொருத்தர் மறிப்பார், அம்பேவெல சாப்பிட்ட பிறகு வேற ஒண்டும் பிடிக்கேல்லை எண்டு மூன்றாமாள் வருவார். பெல்வத்த, நியூடேல், ரிச்லைஃப் எண்டு பட்டியல் நீளும். ஆனால் ஏன் அது திறம் எண்டு கேட்டால் கிட்டத்தட்ட எல்லாரும் சொல்லுற காரணம் இரண்டுதான்: "நல்ல கட்டி", "இனிப்பு அளவா இருக்கு". கப்பைக் கவிழ்த்துப் பிடிச்சு, விழேல்லைப் பாருங்கோ எண்டு நிரூபிக்கிற ஆக்களும் இருக்கினம்.

என்னுடைய வாதம் சின்னது. இந்த இரண்டு அளவுகோலையும் வைத்துக்கொண்டு நாங்கள் யோகட்டை ஒப்பிடவே முடியாது. ஏனெண்டால் கடையில் வாங்குற கப்பில் இந்த இரண்டுமே பெரும்பாலும் பாலில் இருந்து வருவதில்லை.

யோகட் எப்படி உறைகிறது எண்டு முதலில் பார்ப்போம். பாலை 85, 90 பாகை வரை சூடாக்கி, பிறகு 42, 43 பாகைக்கு ஆறவிட்டு, அதில் இரண்டு வகைப் பற்றீரியாக்களைச் சேர்க்கிறார்கள். ஒன்று லக்டோபசிலஸ் பல்காரிகஸ், மற்றது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோபிலஸ். இவை பாலில் உள்ள லக்டோசுச் சர்க்கரையை லக்டிக் அமிலமாக மாற்றும். அமிலம் கூடக் கூட பாலின் கேசீன் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து வலை மாதிரி ஆகும். அந்த வலைக்குள் தண்ணீரும் கொழுப்பும் சிக்கிக்கொள்ளும். அதைத்தான் உறைஞ்சிட்டு எண்டு சொல்லுறம். அம்மா இரவில உறை மோர் விட்டு மூடி வைக்கிற தயிரிலும் நடக்கிறது ஏறத்தாழ இதுதான். ஆனால் வீட்டு மோரில் எந்தெந்தப் பற்றீரியா இருக்கு எண்டு ஆருக்கும் தெரியாது, தொழிற்சாலையில் தெரிந்தெடுத்துப் போடுகிறார்கள்.

பாலைக் கப்பிலேயே ஊற்றி, மூடி, அப்படியே உறைய விட்டால் அது செட் யோகட். பெரிய தாங்கியில் உறைய வைத்து, கலக்கி, நீர்ப்பதமாக்கிப் போத்தலில் அடைத்தால் டிரிங்கிங் யோகட். உறைந்ததைத் துணியில் கட்டி நீரை வடிய விட்டால் வருவது இப்ப கொழும்புச் சுப்பர் மார்க்கெட்டுகளில் நல்ல விலைக்கு விற்கிற கிரேக்க யோகட். மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான்.

பசுப்பாலில் வேறு ஒன்றும் சேர்க்காமல் உறைய வைத்தால் வருவது மெதுமையான தயிர். கரண்டி வைத்தவுடன் உடையும், மேலே கொஞ்சம் மஞ்சள் தண்ணி நிற்கும். அது பழுதில்லை, பசுப்பாலின் இயல்பு. ஆனால் மலைநாட்டில் நிரப்பின ஒரு கப் வளைவு வளைவான றோட்டில் இறங்கி, கல்முனைக்கோ கிளிநொச்சிக்கோ வந்து, கரண்ட் போய்ப் போய் வருகிற ஒரு கடையின் பிரிட்ஜில் கிடந்து, கடைசியாக எங்களிடம் உடையாமல் வந்து சேர வேண்டும். அதற்காகப் பால்மாவைச் சேர்த்துத் திண்மத்தைக் கூட்டுகிறார்கள். பல கம்பனிகள் ஜெலட்டினும் சேர்க்கின்றன. நாங்கள் தரம் எண்டு புகழுற கட்டியில் பெரும் பங்கு லொறிப் பயணத்துக்காகச் செய்தது.

ஜெலட்டின் நஞ்சு எண்டு நான் சொல்ல வரேல்லை. அது உணவில் நெடுங்காலமாகப் பாவிக்கிற புரதம். எனக்குள்ள கேள்வி வேற. ஜெலட்டின் மாடு, பன்றி, மீன் போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. என்னோடு படிக்கிற ஒரு முஸ்லிம் தோழி எந்தக் கப்பை எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி ஹலால் அடையாளத்தைத் தேடுவாள். அவளுக்கு இது சின்ன வயதில் இருந்தே பழக்கம். எங்கட சைவ வீடுகளில நிலைமை தலைகீழ். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை எண்டு சட்டியைக் கூடக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வீட்டில, சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு யோகட் வரும். பால்தானே எண்டு ஒருத்தரும் லேபிளைப் பார்க்கிறதில்லை. சாப்பிடலாமா கூடாதா எண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அது அவரவர் முடிவு. ஆனால் முடிவெடுக்கிறதுக்கு முதல் என்ன சாப்பிடுறம் எண்டு தெரிந்திருக்க வேண்டாமா? கடற்பாசியில் இருந்து எடுக்கிற அகார், பழத்தோலில் இருந்து எடுக்கிற பெக்டின் எண்டு தாவர வழிகளும் உலகத்தில் இருக்கு. கேட்கிற ஆக்கள் கூடினால்தான் கம்பனிகள் அந்தப் பக்கம் யோசிக்கும்.

அடுத்தது இனிப்பு. லேபிளில் உள்ளடக்கப் பொருட்களை நிறை கூடியதில் இருந்து குறைந்ததுக்கு எழுதுவதுதான் வழமை. பெரும்பாலான கப்புகளில் பாலுக்கு அடுத்ததாகச் சீனி நிற்கும். போசணை அட்டவணையில் 100 கிராமுக்கு இவ்வளவு சர்க்கரை எண்டு போட்டிருந்தால், அதில் 4 அல்லது 5 கிராம் பாலுக்கே உரிய லக்டோசு. மிச்சம் ஏறத்தாழ எல்லாம் போட்ட சீனி. நாங்கள் வாங்குற கப் வழமையாக 80 கிராம், அதற்கேற்ற மாதிரிக் கணக்குப் பாருங்கோ. டிரிங்கிங் யோகட் வாங்கினால் போத்தலின் அளவையும் சேர்த்துப் பாருங்கோ. தாகத்துக்கு ஒரே மூச்சில் குடிச்சு முடிக்கிற சாமான் அது. உப்பும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட மோரும் இதே குடும்பம்தான், ஆனால் அதைக் குடிக்கிறபோது நாங்கள் பால் புளிக்கிற சுவையைக் குடிக்கிறோம்.

அந்தப் புளிப்புத்தான் உண்மையில் ஒப்பிட வேண்டிய விசயம். பற்றீரியா என்ன வேலை செய்தது எண்டு நாக்குக்குச் சொல்லுறது அது ஒன்றுதான். ஆனால் எங்கட பேச்சில் "புளிச்சுப் போச்சு" எண்டால் பழுதாய்ப் போச்சு எண்டு அர்த்தம். புளிப்பு வந்த கப்பைக் கடைக்காரரிடம் திருப்பிக் குடுக்கிறம். பிரிட்ஜுக்குள் இருந்தாலும் பற்றீரியா மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால் காலாவதித் திகதிக்குக் கிட்ட வந்த கப் நேற்று வந்த கப்பைவிடக் கூடப் புளிக்கும். ஒரு கம்பனியின் புதுக் கப்பையும் இன்னொரு கம்பனியின் பழைய கப்பையும் சாப்பிட்டு "இது திறம், அது கூடாது" எண்டு சொல்லுறது நியாயமான போட்டியே இல்லை.

வடிவாக ஒப்பிட விரும்பினால் இப்படிச் செய்யலாம். உற்பத்தித் திகதி கிட்டக் கிட்ட உள்ள, வனிலா, ஸ்ரோபெரி ஒண்டும் போடாத கப்புகளை எடுங்கோ. சீனி போடாதது கிடைத்தால் இன்னும் நல்லது. முதலில் மணந்து பாருங்கோ. பிறகு ஒரு கரண்டி எடுத்து, வெட்டின இடத்தைக் கவனியுங்கோ. ஜெலட்டின் கூடினது ஜெலி மாதிரி வழுவழுப்பாக வெட்டுப்படும், பால் மட்டும் உறைந்தது கொஞ்சம் சொரசொரப்பாக உடையும். விழுங்கின பிறகு வாயில் மிஞ்சுறது சீனியா புளிப்பா எண்டு பாருங்கோ. இதைச் செய்த பிறகும் உங்களுக்குப் பழைய கப்தான் பிடிச்சிருக்கு எண்டால் சந்தோசம். குறைந்தது ஏன் பிடிச்சிருக்கு எண்டு தெரிந்திருக்கும்.

இனி ஜெலட்டின் இல்லாமலே கட்டியாக நிற்கிற ஒன்றைப் பற்றி. சிங்களத்தில் மீகிரி எண்டு சொல்லுற எருமைத் தயிர். தெற்கில் திஸ்ஸமஹாராமப் பக்கம் போனால் றோட்டோரக் கடைகளில் சட்டி சட்டியாக அடுக்கியிருக்கும். எங்கட பக்கத்தில் மட்டக்களப்பும் கிண்ணியாவும் அதற்குப் பேர் போனவை. பசுப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 வீதம் எண்டால் எருமைப்பாலில் 7 வீதமும் அதற்கு மேலும் இருக்கும், புரதமும் கூட. அதனால் கேசீன் வலை தானாகவே இறுக்கமாக வரும். மிச்ச வேலையை மண்சட்டி செய்யும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் தண்ணீரை உறிஞ்சி வெளியே ஆவியாக விடும், தயிர் இறுகும், சட்டியும் குளிரும். மாடும் மண்ணும் சேர்ந்து செய்கிற கட்டி அது. கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டாலும், இனிப்புக்குக் கீழே புளிப்பு ஒளியாமல் நிற்கும்.

சட்டித் தயிரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் எண்டு நான் சொல்லேல்லை. அதிலும் குறை இருக்கு. பல சட்டிகளில் லேபிள் இல்லை, எப்ப உறைய வைத்தது எண்டு திகதி இல்லை, எருமைப்பால் எவ்வளவு பசுப்பால் எவ்வளவு எண்டு மூடியில் எழுதியிருக்காது. இன்றைய சட்டி நல்லா இருந்தால் நாளைக்கும் அப்படி இருக்கும் எண்டு உத்தரவாதமும் இல்லை. விடுதியில் இருக்கிற ஒரு மாணவருக்கு முழுச் சட்டி வாங்கி முடிக்கிறதும் சுலபமில்லை. ஒரு ஆளுக்கு ஒரு கப், திகதியோடு, சுத்தமாக எண்டு கம்பனி தருகிற வசதி பெரிய விசயம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. கப்புக்குக் கம்பனிப் பேர் இருக்கு, சட்டிக்கு ஊர்ப் பேர் இருக்கு. மட்டக்களப்புத் தயிர் எண்டு சொன்னால் மட்டக்களப்பின் புல்லையும் தண்ணியையும் சேர்த்துத்தான் சொல்லுறம். அந்தப் புல் இப்ப எப்படி இருக்கு?

நான் படிக்கிறது வந்தாறுமூலையில். அங்கிருந்து சித்தாண்டி கிட்டத்தான். 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் அங்கே கொட்டில் போட்டுப் போராட்டம் தொடங்கி மாதக்கணக்காக இருந்தார்கள். பெரும்போகம் தொடங்கினால் வயல் நிலங்களில் மாடு விட முடியாது, அந்த மாதங்களில் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போகிற மேய்ச்சல் தரை அது. வெளியிடங்களில் இருந்து வந்தவர்கள் அந்த இடத்தை வெட்டிப் பயிர்செய்கிறார்கள், மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் சாகின்றன எண்டதுதான் அவர்களுடைய முறைப்பாடு. நிலம் மகாவலி அதிகார சபையின் கீழ் வருகிறது. நீதிமன்றம், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்தது. நாங்கள் அதைக் காணிப் பிரச்சினை, அரசியல் பிரச்சினை எண்டு வாசித்தோம். அது சரிதான், ஆனால் அது பால் பிரச்சினையும்தான். மேயப் புல் இல்லாத மாட்டில் பால் சுரக்காது. கம்பனிகளும் இந்த மாவட்டத்துப் பண்ணையாளரிடம் பால் வாங்குகின்றன. அப்படிப் பார்த்தால் சட்டியும் கப்பும் ஒரே மேய்ச்சல் தரையை நம்பித்தான் இருக்கு.

2022இல் டொலர் இல்லாமல் பால்மாவுக்கு வரிசையில் நின்றதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். இறக்குமதிப் பால்மாவை நம்பியிருக்கிற நாடு எவ்வளவு சுலபமாகப் பாலுக்குத் தவிக்கும் எண்டு அப்ப விளங்கியது. அதற்கு அடுத்த வருசமே, பால் தருகிற மாட்டுக்கு மேய இடம் கேட்டு ஆக்கள் றோட்டோரம் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்கிறதுக்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை.

ஆகவே எந்த யோகட் நல்லது எண்டு என்னைக் கேட்டால் நான் கம்பனிப் பேர் சொல்ல மாட்டன். கப் வாங்கினால் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கோ, வீட்டில் இருக்கிற ஆக்களுக்கும் வாசித்துக் காட்டுங்கோ. சட்டி வாங்கினால் எந்த ஊர்ப் பால், எப்ப உறைய வைத்தது எண்டு விற்கிறவரைக் கேளுங்கோ. நாலு பேர் கேட்டால் ஐந்தாவது சட்டியில் அவரே திகதி எழுதி ஒட்டுவார். மயிலத்தமடு எண்ட பேர் அடுத்த முறை செய்தியில் வந்தால், நீங்கள் சாப்பிடுற தயிரின் செய்தி எண்டு நினைத்து முழுக்க வாசியுங்கோ.